கல்வெட்டு இருக்கிறது, தண்ணீர் இல்லை: நம் விண்வெளி நிலையம் பற்றி டீச்சரின் நீண்ட பதிவு

பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். பாதி படித்துவிட்டு லைக் போடுவது எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு வாரமாக நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. என் தம்பி மகன் ஒரு படம் போட்டான். "2030இல் சர்வதேச விண்வெளி நிலையம் கடலில் விழும். 2035இல் நம்முடைய பாரதிய அந்தரிக்ஷ் ஸ்டேஷன் எழும். குலசேகரன்பட்டினத்திலிருந்தே நம் வீரர்கள் போவார்கள். இனி வானம் நமதே." அதற்குக் கீழே என்னிடம் படித்த ஒருவர் எழுதினார்: "எங்க தெருவுல தண்ணி வந்து ஆறு நாளாச்சு டீச்சர். வானத்துல வீடு கட்டி என்ன செய்ய?" அப்புறம் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்து, தேசத்துரோகி, முட்டாள் என்றெல்லாம் வார்த்தை வந்துவிட்டது. கடைசியில் "டீச்சரே சொல்லட்டும்" என்று விட்டுவிட்டார்கள்.

சொல்கிறேன். இரண்டு பேருக்குமே பிடிக்காது.

என் கட்சி இதுதான். விண்வெளி நிலையம் நமக்கு வேண்டும். ஆனால் அதைக் கட்டி முடிக்கிற தேதியை மட்டும் பேசிக்கொண்டு, கட்டியபின் அதை யார், எந்தக் காசில், எத்தனை வருஷம் பராமரிப்பார்கள் என்று பேசாமல் இருந்தால், வேண்டாம்.

முதலில் தம்பி மகனுக்கு. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டிய ஏவுதளம், எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டுகளுக்கானது. அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம். அதனால்தான் அந்த இடம். மனிதர்கள் போகப்போவது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, எல்.வி.எம்.3 என்ற பெரிய ராக்கெட்டில். தசரா ஊருக்குப் பெருமை சேர்க்கப் பொய் வேண்டாம், உண்மையே போதும்.

அடுத்து தண்ணீர் கேட்டவருக்கு. உங்கள் கேள்வி தப்பில்லை, கணக்குத்தான் தப்பு. 2025-26 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறை முழுவதற்கும் ஒதுக்கியது சுமார் 13,416 கோடி ரூபாய். மொத்த பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கு மேல். அதாவது அரசு செலவழிக்கும் நூறு ரூபாயில் சுமார் 26 காசு. அந்த 26 காசை நிறுத்தினால் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிடும் என்றால் நானே முதல் ஆளாக நிறுத்தச் சொல்வேன். வராது. மிச்சம் 99 ரூபாய் 74 காசை யாரும் கேள்வி கேட்காததால்தான் வராது.

உங்களுக்குப் பதில் சொல்வதாக நினைத்து வேறு சிலர் எழுதியதும் சரியில்லை. "புயல் வருவதைச் சொல்வது யார், மீனவரைக் காப்பது யார்" என்று கேட்டார்கள். அதைச் செய்வது ஆளில்லாத செயற்கைக்கோள்கள். மனிதர் தங்கும் நிலையத்தின் கணக்கில் அதை எழுதக் கூடாது. ஒருவர் வாங்கிய மார்க்கை இன்னொருவர் பேரில் போட நான் விட்டதே இல்லை.

அப்படியானால் மனிதர் தங்கும் நிலையம் எதற்கு? மனித உடம்பும், விதையும், நீரும், தீயும் எடையில்லாத இடத்தில் மாதக்கணக்கில் என்ன ஆகின்றன என்று பார்க்க பூமியில் இடம் கிடையாது. அங்கே எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் தேய்கிறது, தசை வற்றுகிறது. வயதானவர்களுக்கு வருஷக்கணக்கில் நடப்பது அங்கே திடகாத்திரமானவர்களுக்கு மாதக்கணக்கில் நடக்கிறது. மூட்டுவலியோடு மாடி ஏறுகிற என் போன்றவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்துக்குப் போனார். அங்கே கால் வைத்த முதல் இந்தியர். பாசிப்பயறையும் வெந்தயத்தையும் முளைக்க வைத்தார், நுண்பாசி வளர்த்தார், தசைச் செல்களை ஆராய்ந்தார். அங்கே தங்கியது 18 நாள். பயறு முளைக்க அது போதும். காய்த்து, அந்த விதையை மறுபடி விதைத்துப் பார்க்கப் போதாது. அதற்குத்தான் நிலையம்.

இப்போது என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது வருஷத்துக்கு மேலான நிலையங்களின் கதையைத் திரும்பிப் பாருங்கள். பராமரிப்புக் கதையாகத்தான் இருக்கும்.

முதல் நிலையம் சோவியத் நாட்டின் சல்யூட் 1. 1971 ஏப்ரல் 19இல் ஏவினார்கள். ஜூனில் மூன்று பேர் போய் 23 நாள் தங்கினார்கள். உலகமே பாராட்டியது. திரும்பும்போது கலத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டு காற்றெல்லாம் வெளியேறிவிட்டது. கலம் பத்திரமாகத் தரையிறங்கியது, உள்ளே மூன்று பேரும் இறந்து கிடந்தார்கள். மூன்று பேர் உட்கார வேண்டும் என்பதற்காக, இடமில்லை என்று பாதுகாப்பு உடை இல்லாமல் அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆளைக் குறைத்து உடையைச் சேர்த்தார்கள். ஒரு வால்வு, ஒரு அவசரம், மூன்று உயிர்.

அமெரிக்காவின் ஸ்கைலாப் 1973 மே 14இல் மேலே போனது. போகும்போதே வெப்பக் கவசமும் ஒரு சூரியத்தகடும் பிய்ந்துகொண்டு போயின. உள்ளே உலைபோலக் கொதித்தது. பின்னால் போன மூன்று பேர் செய்த முதல் வேலை ஆராய்ச்சி இல்லை. குடை மாதிரி ஒன்றை வெளியே விரித்து நிழல் உண்டாக்கினார்கள். சிக்கிக் கிடந்த இன்னொரு தகட்டை வெளியே போய் வெட்டி விடுவித்தார்கள். ஒரு குடையால் பிழைத்தது அந்த நிலையம். ஒன்பது பேர் மூன்று குழுவாகத் தங்கினார்கள். 1974 பிப்ரவரியில் கடைசிக் குழு இறங்கியபின், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டார்கள். தூக்கி நிறுத்த வேண்டிய ஷட்டில் விமானம் நேரத்துக்குத் தயாராகவில்லை. 1979 ஜூலை 11இல் விழுந்தது.

அந்த நாள் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். "ஸ்கைலாப் தலையில விழப்போவுது" என்று ஊரே பயந்து கிடந்தது. எங்கள் ஆச்சி, விழுவதற்குள் தின்றுவிடலாம் என்று அடைகாக்க வைத்திருந்த கோழியை அறுத்துவிட்டாள். விழுந்தது ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில். அங்கே ஒரு சிற்றூர் நிர்வாகம், குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. வேடிக்கைதான், ஆனால் நியாயமான அபராதம். கட்டத் தெரிந்தவர்களுக்கு வைத்துக் காப்பாற்றத் திட்டம் இல்லை.

அடுத்தது நம் ஆள். ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3இல் போய் சல்யூட் 7இல் ஒரு வாரம் தங்கினார். அவர் பெயரைக் கேட்டால் உங்களில் தூங்குகிறவன்கூட எழுந்து சொல்வான், அவ்வளவு தடவை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். ஆனால் அந்த நிலையத்துக்கு அப்புறம் என்ன ஆனது என்று ஒருநாளும் நான் சொல்லித்தரவில்லை. மூன்று மாதம் கழித்து, ஜூலையில், ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா என்ற பெண் அதே நிலையத்துக்கு வெளியே மிதந்தபடி வெல்டிங் செய்து பார்த்தார். விண்வெளியில் வெளியே வந்து வேலை செய்த முதல் பெண் அவர்தான். 1985 பிப்ரவரியில் அந்த நிலையம் செத்துப்போனது. மின்சாரம் இல்லை, தொடர்பு இல்லை, உள்ளே இருந்த தண்ணீர் எல்லாம் உறைந்து கட்டியாகிவிட்டது. ஜூனில் ஜானிபெக்கோவ், சவினிக் என்ற இருவர் போனார்கள். கட்டுப்பாடில்லாமல் மிதந்த அதனோடு கலத்தைக் கையாலேயே ஓட்டிப் போய் இணைத்தார்கள். குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, சூரியத்தகடுகளின் வயரை நேராக பேட்டரியில் கொடுத்து சார்ஜ் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொடுத்தார்கள். நம் ஊரில் நின்றுபோன மோட்டாருக்கு எலக்ட்ரீஷியன் செய்கிற வேலைதான். செய்த இடம்தான் வேறு.

மீர் நிலையம் 1986இல் போனது. ஐந்து வருஷத்துக்கென்று கட்டியது, பதினைந்து வருஷம் ஓடியது. 1997இல் மட்டும் பிப்ரவரியில் உள்ளே தீப்பிடித்தது, ஜூனில் சரக்குக் கலம் மோதி ஓர் அறையில் ஓட்டை விழுந்தது. அந்த அறையின் கதவை அடைத்து, மற்ற அறைகளில் வாழ்ந்தார்கள். 2001இல் அவர்களே திட்டம் போட்டுக் கடலில் இறக்கினார்கள்.

இப்போதிருக்கும் சர்வதேச நிலையத்தில் 2000 நவம்பர் 2இலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. 420 டன் எடை, சுமார் 400 கிலோமீட்டர் உயரம், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அங்கே சிறுநீரும் வியர்வையும் உள்பட நீரில் 98 சதவீதத்தைச் சுத்தம் செய்து மறுபடி குடிக்கிறார்கள். கேட்க அதிசயமாக இருக்கும். அந்த இயந்திரத்துக்கும் ஃபில்டர் மாற்ற வேண்டும், பம்ப் பழுதானால் கழற்றி மாட்ட வேண்டும். அதைச் செய்ய அங்கே ஆள் இருக்கிறது, மேலே அனுப்ப உதிரிப்பாகம் இருக்கிறது, அதற்குப் பணமும் இருக்கிறது. அந்த நிலையத்துக்காக நாசா மட்டும் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் செலவழிக்கிறது. நம் ககன்யான் திட்டம் முழுவதற்கும், நிலையத்தின் முதல் அறையையும் சேர்த்து, 2024 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட தொகை 20,193 கோடி ரூபாய். அவர்களுடைய ஒரு வருஷப் பராமரிப்பு நம்முடைய மொத்தத் திட்டத்தைவிட அதிகம். நம்முடையது சிறியது, சுமார் 52 டன், ஐந்து அறை. செலவும் குறையும். ஆனால் ஆண்டுதோறும் ஆகும் செலவு எவ்வளவு என்று உங்கள் ஃபார்வர்டு ஒன்றிலாவது பார்த்திருக்கிறீர்களா? 2028இல் முதல் அறை, 2035இல் முழு நிலையம் என்று தேதி மட்டும்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தார்கள். பந்தல், மாலை, மைக்செட், பேர் பொறித்த கல்வெட்டு. பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஐந்தாம் மாதம் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. மாற்ற ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் ஆகியிருக்கும். அதற்கு எந்தக் கணக்கிலும் தலைப்பு இல்லை. வைத்தவர்கள் "எங்க வேலை முடிஞ்சுது" என்றார்கள். நான் ஓய்வு பெறும் நாள் வரை அது அங்கேயே நின்றது, மேலே துடைப்பம் சாத்தி வைத்திருந்தோம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கல்வெட்டு மட்டும் இன்னும் பளபளவென்று இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஃபில்டர் அடைத்தால் பாட்டிலில் கொண்டுவரலாம். 400 கிலோமீட்டர் உயரத்தில் அடைத்தால் எங்கே போவது?

2025 நவம்பரில் சீனாவின் தியாங்கோங் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். திரும்பி வரவேண்டிய ஷென்ஷோ 20 கலத்தின் சன்னல் கண்ணாடியில் கீறல். விண்வெளிக் குப்பை பட்டிருக்கலாம் என்றார்கள். 2025 நவம்பர் 5இல் இறங்கவேண்டிய மூன்று பேரை நிறுத்திவைத்து, 14ஆம் தேதி இன்னொரு கலத்தில் இறக்கினார்கள். அந்தக் கலத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்கு வேறு வழி வேண்டுமே? 25ஆம் தேதியே ஆளில்லாமல் ஒரு மாற்றுக் கலத்தை மேலே அனுப்பிவிட்டார்கள். இருபதே நாள். ராக்கெட்டும் கலமும் முன்கூட்டியே தயாராக நின்றதால் முடிந்தது. சுனிதா வில்லியம்ஸ் எட்டு நாள் என்று போய் ஒன்பது மாதம் தங்கவேண்டி வந்ததையும் பார்த்தோம். நிலையத்தில் சாப்பாடும் இடமும் இருந்ததால்தான் அவர் பத்திரமாகத் திரும்பினார். நம் நிலையத்தில் நம் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள், கலத்தின் கண்ணாடியில் கீறல் என்றால், இருபது நாளில் இன்னொரு எல்.வி.எம்.3 தயாராக நிற்குமா? கைதட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள். இப்படிக் கேட்பவனைத் தேசத்துரோகி என்கிறவன்தான் அந்த மூன்று பேருக்கு எதிரி.

இஸ்ரோவுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சுபான்ஷு சுக்லா போவதற்கு முன் அந்த ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. அதை முழுசாகச் சரி செய்த பின்தான் ஏவ வேண்டும் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், இஸ்ரோ தலைவர் நாராயணன் தலைமையில் போன குழு உறுதியாக நின்றது. சர்வதேச நிலையத்திலேயே ஒரு கசிவைப் பார்க்க வேண்டியிருந்தது. தேதி பலமுறை தள்ளிப்போய் ஜூன் 25இல் போனார். 2023 அக்டோபர் 21இல் ககன்யான் தப்பிக்கும் கருவியைச் சோதித்தபோது, ஏவ ஐந்து வினாடி இருக்கையில் கணினி நிறுத்திவிட்டது. நாடே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் வெட்கப்படவில்லை, என்ன கோளாறு என்று பார்த்துச் சரி செய்து அன்றைக்கே ஏவினார்கள். இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம், மகேந்திரகிரி. அங்கே 2022 ஜனவரியில் கிரயோஜெனிக் இன்ஜினை 720 வினாடி தொடர்ந்து எரித்துப் பார்த்தார்கள். பறக்கும்போது அவ்வளவு நேரம் எரியத் தேவையே இல்லை. இருந்தாலும் எரித்துப் பார்த்தார்கள். இதுதான் எனக்குப் பெருமை. இதை யாரும் ஃபார்வர்டு போடுவதில்லை.

2018 சுதந்திர தினத்தில், 2022க்குள் இந்தியர் நம் சொந்தக் கலத்தில் போவார் என்று அறிவித்தார்கள். 2022 வந்தது, போனது. இப்போது 2027 என்கிறார்கள். அந்தத் தாமதத்தைக் கேலி செய்து ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குச் சொல்கிறேன், தாமதம் அவமானம் இல்லை. தேதிக்குப் பயந்து ஒரு வால்வைச் சரியாகப் பார்க்காமல் விடுவதுதான் அவமானம். தப்பு, சோதனை முடியும் முன்னே தேதி சொன்னவர்கள் மேல். அந்தத் தேதியை நிலைப்பாடமாக ஒப்பித்த நம் மேலும்தான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, கட்டும் செலவோடு, ஆண்டுதோறும் பராமரிக்கும் செலவையும் முடிவில் பத்திரமாக இறக்கும் செலவையும் சேர்த்து இப்போதே சொல்லுங்கள். இரண்டு, மாற்றுக் கலமும் ராக்கெட்டும் தரையில் தயாராக நிற்காமல் ஒருவரையும் தங்க அனுப்பாதீர்கள், 2035 ஆனாலும் 2040 ஆனாலும் சரி. மூன்று, தேர்ந்தெடுத்த நான்கு பேரும் விமானப்படை ஆண்கள். சோதனை விமானிகளிலிருந்து எடுத்ததால் முதல் பயணத்துக்கு அது சரி. ஆனால் நிலையம் என்று வந்தால் விஞ்ஞானி வேண்டும், மருத்துவர் வேண்டும், பழுதுபார்க்கத் தெரிந்தவர் வேண்டும், பெண்கள் வேண்டும். நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒரு பெண் அங்கே வெல்டிங் செய்தாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. என் வகுப்பில் ஒரு பையன், ஆறாம் வகுப்பு, ஓடாமல் கிடந்த மின்விசிறியை ஸ்டூல் போட்டு ஏறி நோண்டிக்கொண்டிருந்தான். "படிக்கிற நேரத்துல அங்க என்னலே சோலி?" என்று இரண்டு அடி போட்டேன். மறுநாள் அந்த விசிறி ஓடியது. நான் அவனிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. ராகேஷ் சர்மா பெயரைச் சரியாகச் சொன்னவனுக்கு மார்க் போட்டேன். போனவன் பெயர் எனக்குத் தெரிந்தது, சரி செய்தவன் அருமை தெரியவில்லை. அந்தப் பையன் இப்போது மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருக்கிறான், இந்தக் குழுவிலும் இருக்கிறான். அவனுக்கு என் மன்னிப்பைப் பொதுவிலேயே கேட்டுக்கொள்கிறேன். வெல்டராகவும் பிட்டராகவும் எலக்ட்ரீஷியனாகவும் இருக்கிற என் மற்ற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், நீங்கள் செய்கிற வேலையின் பெயர்தான் விண்வெளி நிலையம். உங்கள் பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள்.

தண்ணீர் கேட்ட மாணவருக்கும் இதேதான். உங்கள் தெருவில் குழாய் இல்லாமல் இல்லை, தொட்டி இல்லாமல் இல்லை. திறப்பு விழாவும் நடந்திருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் காசும் இல்லை. நீங்களும் நானும் ஒரே கட்சிதான்.

வானம் தெளிவாக இருக்கும் நாளில் பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடிக்கு வாருங்கள். நம் மேற்கு மலைப் பக்கத்திலிருந்து கண் சிமிட்டாத ஒரு வெள்ளைப் புள்ளி எழும்பி நான்கைந்து நிமிஷம் வானத்தைக் கடந்து போவது சில நாட்களில் தெரியும். கடந்து போகும் நேரத்தை நாசாவே சொல்கிறது. பேரன் பேத்திகளுக்குக் காட்டுங்கள். அது அணையாமல் போய்க்கொண்டிருப்பது, இருபத்தைந்து வருஷமாக யாரோ ஃபில்டர் மாற்றிக்கொண்டிருப்பதால் என்றும் சொல்லுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்வேன். படம் மட்டும் ஃபார்வர்டு போடுகிறவர்களுக்குப் பதில் கிடையாது. ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட இரண்டு பேரும் நாளைக்குள் சமாதானம் ஆகிவிட வேண்டும். இது டீச்சர் உத்தரவு.